‘மீனிங்’ தெரியும், அர்த்தம் தெரியாது

ராயபுரத்திலிருந்து ஓர் அம்மா கேட்டது இது: “என் பொண்ணு மூணாவது படிக்கிறா, இங்கிலீஷ் மீடியம். வாரத்துக்கு இருபது வார்த்தை கொடுத்து மீனிங் மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை டெஸ்ட்ல இருபதுக்கு இருபது. திங்கக்கிழமை அதையே கேட்டா முழிக்கிறா. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், அதுவும் தமிழ் மீடியம். சின்னப் பசங்களுக்குப் புரியற மாதிரி அர்த்தம் சொல்றது எப்படி?” கூடவே இந்த வாரப் பட்டியலில் இருந்து ஏழு வார்த்தைகளையும் எழுதியிருந்தார்: பிரேவ், ஹ்யூஜ், வேர், பாரோ, லீக், போல்ட், ஹார்வெஸ்ட்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 22 வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களில் யாராவது ஒருவர் மாசத்துக்கு ஒரு தடவையாவது இதைப் படிக்கட்டில் நின்று கேட்டுவிடுவார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பெண்ணின் மீனிங் நோட்டைத் திறந்து, இங்கிலீஷ் பக்கத்தை விட்டுவிட்டுத் தமிழ்ப் பக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள். நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு இருக்கும். இடது பக்கம் ஹ்யூஜ், வலது பக்கம் ‘பிரம்மாண்டமான’. பிரேவ் என்றால் ‘வீரம் மிக்க’. வேர் என்றால் ‘அணி’. ஹார்வெஸ்ட் என்றால் ‘அறுவடை’. இந்த நாலு தமிழ் வார்த்தையில் ஒன்றையாவது உங்கள் வீட்டில் யாராவது இந்த வாரம் வாயால் சொல்லியிருப்பீர்களா? போன வருஷம் ஒரு பையனிடம் ஹ்யூஜ் என்றால் என்ன என்று கேட்டேன். “பிரம்மாண்டமான, மிஸ்” என்றான், கையைக் கட்டிக்கொண்டு. சரி, பிரம்மாண்டம்னா இன்னாடா? யோசிக்கவே இல்லை. “ஹ்யூஜ், மிஸ்.”

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு இரண்டுமே தெரியாத சத்தம். ஒரு தெரியாத சத்தத்தை இன்னொரு தெரியாத சத்தத்தோடு முடிச்சுப் போட்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் சுமந்துகொண்டு வந்திருக்கிறான், டெஸ்ட் முடிந்ததும் இறக்கி வைத்துவிட்டான். உங்கள் பெண்ணுக்கும் அதுதான் நடக்கிறது. ஞாபக சக்தி போதவில்லை என்று வல்லாரை மாத்திரை வாங்கப் போய்விடாதீர்கள்.

எளிமையான அர்த்தம் வேண்டும் என்று கேட்கிறோம். யாருடைய தமிழில் எளிமை என்பதை மட்டும் கேட்பதில்லை. எண்ணூர் ரோட்டுப் பக்கம் வளர்கிற பிள்ளைக்கு ஹ்யூஜ் என்றால் கண்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நிற்கிறதே, அதில் ஒன்றை எதிர்ப்பக்கம் நின்று காட்டி “எம்மாம் பெருசு! ஹ்யூஜ்” என்று சொல்லுங்கள். அடுத்த நாள் வேறு எதைப் பார்த்து ஹ்யூஜ் என்று சொல்லலாம் என்று அவளைக் கேளுங்கள். யானை, கப்பல், பக்கத்து வீட்டு மாமாவின் தொப்பை, எதைச் சொன்னாலும் சரிதான். பிரேவ் என்றால் தில்லு. “அந்தப் பொண்ணு செம தில்லு” என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவள் பிரேவ். பிரேக்ஃபாஸ்ட் என்றால் நோட்டில் ‘சிற்றுண்டி’ என்று இருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைக்கு அது நாஸ்டா. நாஸ்டா உருதுவிலிருந்து வந்த வார்த்தைதான், இருக்கட்டுமே. அவள் வாயில் தினமும் புழங்குகிறதா இல்லையா என்பதுதான் நமக்கு முக்கியம். பாடப்புத்தகத் தமிழை நான் குறை சொல்லவில்லை. அதையும் அவள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தெரியாத ஒன்றை விளக்க அதை எடுத்தால், அதற்கே ஓர் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி ‘வேர்’. இதுதான் பட்டியலிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை. சட்டையை என்ன செய்கிறோம்? போடுகிறோம். புடவையை? கட்டுகிறோம். பூவை? வைக்கிறோம். பொட்டையும் வைக்கிறோம். கண்ணாடி, வளையல், செருப்பு எல்லாம் போடுகிறோம். தமிழில் மூன்று வினை, இங்கிலீஷ்காரனுக்கு அத்தனைக்கும் ஒரே ‘வேர்’. இதற்கு ‘அணி’ என்று ஒரு வார்த்தையை எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு என்ன தெரியும்? காலையில் ஸ்கூலுக்குக் கிளப்பும்போது சொல்லித் தாருங்கள். யூனிஃபார்ம் போடும்போது ஒரு ‘வேர்’, ஷூ போடும்போது ஒரு ‘வேர்’, தலையில் பூ வைக்கும்போது ஒரு ‘வேர்’. பூவுக்குச் சொல்லும்போது நிமிர்ந்து பார்ப்பாள். பூவுக்கும் அதேதானா என்று அவளுக்குத் தோன்றுகிறதே, அப்போதுதான் அந்த வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குப் பிடிபடுகிறது.

இதற்கு நேர் எதிரான சிக்கல் ‘அடி’. ஹார்ன் அடிக்கிறோம், போன் அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், சைக்கிளுக்குக் காத்து அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், வெயில் அடிக்கிறது, கப்பு அடிக்கிறது. இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வார்த்தை. என்னிடம் படித்த ஒருவன் அடிக்கு ‘பீட்’ என்று மனப்பாடம் செய்திருந்தான். ‘தி சன் இஸ் பீட்டிங் மீ’ என்று எழுதிக்கொண்டு வந்தான். சிரித்தேன்தான். ஆனால் அவன் தமிழை ஒழுங்காகத்தான் பேசுகிறான், ‘அடி என்றால் பீட்’ என்று எழுதிப்போட்டது நாங்கள். அதனால் நோட்டில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு நேரே ஒரே ஒரு தமிழ் வார்த்தையைப் பார்த்தால், ‘இது எங்கே போகும், எங்கே போகாது?’ என்று ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள்.

ஒரே வார்த்தைக்கு இரண்டு மூன்று அர்த்தம் இருப்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னால் குழம்பிவிடுவார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனபோது, என்னிடம் மூணாவது படிக்கிற ஒரு பெண் அவள் ஆயா பக்கத்தில் மணைமேல் குந்தியிருந்தாள். ஆயா கத்தியின் முதுகால் ஒரு சங்கராவை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். செதில் பறந்து வந்து அவர் முழங்கையில், புடவையில், பேத்தியின் கன்னத்தில் எல்லாம் ஒட்டுகிறது. கன்னத்தில் இருந்ததை நகத்தால் எடுத்து, “இது இன்னா?” என்றேன்.

“செதுலு, மிஸ்.”

“இங்கிலீஷ்ல?”

கொஞ்ச நேரம் யோசித்து, “பிஷ்ஷு” என்றாள்.

“ஸ்கேல்.”

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். “ஸ்கேலு ஜாமெட்ரி பாக்ஸ்ல கீது, மிஸ்.” அதுவும் ஸ்கேல்தான், இதுவும் ஸ்கேல்தான், இதோ ஆயா மீனை நிறுக்கிறாங்களே, அதுவும் ஸ்கேல்தான் என்று எடைமெஷினைக் காட்டினேன். ஆயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஒரே பேர மூணுத்துக்கு வச்சிக்கினு எப்டித்தான் பொழைக்கிறானுங்களோ!” என்று சொல்லிவிட்டு இன்னொரு மீனை எடுத்தார். அடுத்த நாள் அந்தப் பெண்ணின் நோட்டில் ஒரு காய்ந்த செதில் கோந்து போட்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பையன் நாத்தம் அடிக்குது என்று புகார் சொன்னான். (பாருங்கள், நாத்தமும் அடிக்கிறது.) அவள் இப்போது பத்தாவது. அந்த வார்த்தையை அவள் மறந்து நான் பார்த்ததில்லை.

ஆயா கேட்டதற்குப் பதில் உண்டு. அது ஒரே பேர் இல்லை, மூன்று வெவ்வேறு வார்த்தைகள் தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்தது. கோடு போடுகிற, அளக்கிற ஸ்கேல் லத்தீனில் ஏணியைக் குறிக்கிற வார்த்தையிலிருந்து வந்தது. ஏணிப்படி மாதிரி வரிசையாகக் கோடுகள் இருக்கிறதல்லவா? எடை போடுகிற ஸ்கேல் பழைய நார்ஸ் மொழியில் கிண்ணம். தராசுத் தட்டு கிண்ணம்போலத்தானே இருக்கும். மீன் ஸ்கேல் பழைய பிரெஞ்சில் ஓடு, உமி என்று பொருள்படும் வார்த்தையிலிருந்து வந்தது. தராசைச் சொல்லும்போது பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் பன்மையில் ‘ஸ்கேல்ஸ்’ என்பார்கள். நாம் பெட்டியில் வைத்திருக்கும் ஸ்கேலை அவர்கள் ‘ரூலர்’ என்பார்கள். மூணாவது பிள்ளைக்கு இந்தக் கதையெல்லாம் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லும்போது ஒரு தெம்பு வரும், அதற்காகச் சொன்னேன்.

எட்டாவதுதான் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மெட்ராஸில் எட்டாவது படித்த ஒருவருக்கு எத்தனை இங்கிலீஷ் வார்த்தை தெரியும் என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பஸ், லாரி, கேட்டு, பிளாட்பாரம், வார்டு, பில்லு, டோக்கன், லீவு, லேட்டு, டைட்டு, லூசு. இவை உங்களுடையவை. உங்கள் பெண்ணுடையவையும்கூட. புது வார்த்தைக்கு ஓடுவதற்கு முன்னால் இவற்றைத் துடைத்து எடுத்துக்கொடுத்தாலே பாதி வேலை முடியும். சிலதில் மட்டும் கவனம் வேண்டும், நம் வாயில் அர்த்தம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. ‘ஃபீல் பண்ணாத’ என்றால் நமக்கு வருத்தப்படாதே. இங்கிலீஷில் ஃபீல் என்பது பசி, குளிர், சந்தோஷம், எதை உணர்ந்தாலும் வரும். ‘ஹோட்டல்’ நமக்குச் சாப்பிடுகிற இடம், அங்கே தங்குகிற இடம். ‘கரண்ட்’ போனால் நமக்கு வீடு இருட்டு. அந்த வார்த்தை ஆற்றிலும் கடலிலும் தண்ணீர் இழுக்கிற இழுப்புக்கும் உண்டு, கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொன்னால் உடனே புரியும். ‘பேஷன்ட்’ என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதே வார்த்தைக்குப் பொறுமைசாலி என்றும் அர்த்தம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், தாங்கிக்கொள்வது. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு ‘பேன்’ என்ற வார்த்தையை நான் விளக்கியதே இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அதுதான் பேன். ‘தடை’ என்று எழுதிக் கொடுத்தால் அது வெறும் வார்த்தை. தடைக்காலத்தில் வீட்டில் காசு இல்லாமல் இருந்ததை நினைத்துக்கொண்டால் அது வேறு.

அர்த்தம் சொல்லும் முறையைப் பற்றிக் கொஞ்சம். இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. மைக்கேல் வெஸ்ட் என்று ஒருவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். வங்காளத்துப் பிள்ளைகளின் இங்கிலீஷ் ரீடரைப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் புது வார்த்தை, அதுவும் பாதி பழைய காலத்து வார்த்தை, ஒரு தடவை வந்துவிட்டு அப்புறம் தலையே காட்டாது. அவர் அந்தப் புத்தகங்களை மாற்றி எழுதினார். அரிய வார்த்தைகளை எடுத்துவிட்டு, புது வார்த்தைகளைக் குறைத்து, வந்ததையே திரும்பத் திரும்ப வரவைத்தார். பிறகு 1935-ல் ஓர் அகராதி கொண்டுவந்தார். 24,000 சொற்களுக்கும் சொல்தொடர்களுக்கும் வெறும் 1,490 சொற்களை வைத்து அர்த்தம் சொன்னார். விளக்குகிற வார்த்தை, விளக்கப்படுகிற வார்த்தையைவிடக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்ற கணக்கு. நம் மீனிங் நோட்டு தோற்றுப்போகிற இடமும் அதுதான்.

இன்னொரு வழி 1987-ல் வந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சிங்க்ளேர் தலைமையில் தயாரான கோபில்ட் அகராதி, வார்த்தைக்கு வார்த்தை போடாமல் முழு வாக்கியமாக அர்த்தம் சொன்னது. நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி: “ஒரு சாமான தூக்க முடியலன்னா அத ஹெவின்னு சொல்லுவோம்.” நான் பிள்ளைகளிடம் ‘அர்த்தம் என்ன?’ என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன். ‘இத எப்ப சொல்லுவோம்?’ என்று கேட்கிறேன். ‘லோன்லி’ என்றால் தனிமை என்று சொன்ன பெண், ‘எப்ப சொல்லுவோம்?’ என்று கேட்டதும், “அம்மா நைட் ஷிப்ட் போனா, மிஸ்” என்றாள். அப்புறம் அந்த வார்த்தையைப் பற்றி அவளிடம் நான் என்ன சொல்ல இருக்கிறது?

‘பாரோ’வில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பாரோ என்றால் கடன் வாங்குவது, லெண்ட் என்றால் கடன் கொடுப்பது. எதிர்ச்சொல் ஜோடியாகச் சொன்னால் சேர்த்து மனதில் நிற்கும் என்று நினைத்து ஒரே நாளில் இரண்டையும் நடத்தினேன். இரண்டு வருஷம் ஒரு பையன் இரண்டையும் மாற்றி மாற்றியே எழுதிக்கொண்டிருந்தான். ரப்பர் வேண்டும் என்றால் “கேன் ஐ லெண்ட் யுவர் ரப்பர்?” என்பான். தப்பு அவனுடையது இல்லை. ஒரே நேரத்தில் உள்ளே போன இரட்டைப் பிள்ளைகளில் எது எது என்று யாருக்குத் தெரியும்? லெஃப்ட், ரைட்டும் அப்படித்தான். இப்போது ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாரோ என்றால் கைமாத்து வாங்குவது. பத்து நாள் அதையே புழங்கவிடுகிறேன். பென்சில் பாரோ, சர்க்கரை பாரோ, சைக்கிள் பாரோ. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன்: திருப்பித் தரணும், தராட்டி அது பாரோ இல்லை. லெண்ட் அடுத்த மாசம் வரட்டும்.

ஒரு மொழி இன்னொரு மொழியிடமிருந்து வார்த்தை வாங்குவதையும் பாரோ என்றுதான் சொல்வார்கள். நம் காசிமேட்டுக் கட்டுமரம் இங்கிலீஷுக்குப் போய் ‘கேட்டமரான்’ ஆனது. அங்கே போனதும் அதற்கு அர்த்தமும் மாறிவிட்டது, இப்போது இரண்டு உடல்களைச் சேர்த்துக் கட்டிய படகைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணி ‘முல்லிகடானி’ ஆனது. நாம் மட்டும் சும்மாவா இருந்தோம், போர்த்துகீசியரிடமிருந்து ஜன்னலையும் சாவியையும் வாங்கிக்கொண்டோம். இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: “அப்ப திருப்பிக் குடுக்கலியே மிஸ், எப்டி பாரோ?” இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஜோடி வேண்டாம் என்றேனே தவிர, ஒரே இடத்தில் நடக்கிற வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்வது நல்லதுதான். தண்ணி லாரி வந்தால் போதும், ஒரு பாடமே நடத்தலாம். க்யூ என்பது அவளுக்குத் தெரியும். லாரிக் குழாயிலிருந்து குடத்தில் ஊத்துவது ‘போர்’. இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவது ‘கேரி’. படிக்கட்டில் சிந்துவது ‘ஸ்பில்’. குடத்தில் ஓட்டை இருந்து ஒழுகினால் அதுதான் உங்கள் பட்டியலில் இருக்கிற ‘லீக்’. சொட்டுச் சொட்டாக விழுந்தால் ‘ட்ரிப்’. ஆஸ்பத்திரியில் ‘ட்ரிப்ஸ் ஏத்துனாங்க’ என்கிறோமே, அதே வார்த்தை. பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதால் அந்தப் பேர். லாரிக்காரர் ‘இன்னிக்கு ரெண்டாவது ட்ரிப்பு’ என்கிறாரே, அது வேறு வார்த்தை, வேறு எழுத்து. தமிழில் எழுதினால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

அதனால்தான் இங்கிலீஷ் வார்த்தைக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுத நான் யாரையும் விடுவதில்லை. முதுகும் ‘பேக்’, புத்தகப் பையும் ‘பேக்’, மூட்டை கட்டுவதும் ‘பேக்’. பூனையும் ‘கேட்’, வாசல் கதவும் ‘கேட்’. தமிழ் எழுத்துக்கு அந்த வேலை தெரியாது, அது நம் மொழிக்குச் செய்த எழுத்து. (நானே இங்கே வேறு வழியில்லாமல் தமிழில் எழுதித்தான் காட்டுகிறேன், அது வேறு கதை.) உச்சரிப்புக்குப் போனில் அகராதியைத் திறந்து ஸ்பீக்கர் படத்தைத் தொடுங்கள். இருவரும் சேர்ந்து நாலு தடவை கேட்டுச் சொல்லுங்கள். அம்மாவும் தன்னோடு கற்றுக்கொள்கிறாள் என்றால் பிள்ளைக்குக் குஷிதான்.

ஆனால் அர்த்தத்துக்குப் போனை நம்பாதீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கிற ‘போல்ட்’ அப்படித்தான் ஒரு பெண்ணின் நோட்டில் ‘தடித்த’ என்று ஏறியிருந்தது. அச்செழுத்தைக் கொட்டையாகப் போடுவதற்கும் போல்ட் என்று பெயர், போன் அதை எடுத்துக் கொடுத்துவிட்டது. ‘ஷீ இஸ் எ போல்ட் கேர்ள்’ என்பதற்கு ‘அவள் ஒரு தடித்த பெண்’ என்று எழுதி, அதற்கு ஒரு சரி டிக்கும் வாங்கியிருந்தாள். எந்த ஸ்கூல் என்று கேட்காதீர்கள். போல்ட் என்பது பயப்படாமல் முன்னால் வந்து பேசுகிற ஆளுக்குச் சொல்வது. வகுப்பில் எல்லோரும் கம்மென்று இருக்கும்போது எழுந்து ‘புரியல மிஸ்’ என்று சொல்கிறவள் போல்ட். ‘ஃபைன்’ என்று தட்டினால் அபராதம் என்று வரும். ஹெல்மெட் போடாமல் போன அப்பாவுக்குப் போலீஸ் போட்டதும் ஃபைன், ‘ஹவ் ஆர் யூ’ என்றால் சொல்வதும் ஃபைன்.

மறதியைப் பற்றிச் சுருக்கமாக. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி வடிந்துவிடுகிறது, மிச்சம் மெதுவாகப் போகிறது. அர்த்தம் இல்லாத அசை என்பதைக் கவனியுங்கள், பிரம்மாண்டமும் ஹ்யூஜும் அந்தப் பையனுக்கு அதுதான். ஆக, வியாழக்கிழமை ராத்திரி ஒரேயடியாக இருபதைத் திணிப்பது வீண். சொன்ன அன்றைக்கே படுக்கும்போது ஒரு தடவை, மறுநாள் காலை ஜடை பின்னும்போது ஒரு தடவை, மூணு நாள் கழித்து மீன் கழுவும்போது ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை கேளுங்கள். கேட்கும்போது வார்த்தையைச் சொல்லி அர்த்தம் கேட்காமல், பொருளைக் காட்டி வார்த்தையைக் கேளுங்கள். கடல் காத்தில் ஜன்னல் கம்பி துருப்பிடித்திருக்குமே, அதைத் தொட்டுக்காட்டி “இது இன்னா?” ‘ரஸ்ட்’ என்று வந்தால் போதும். ஸ்பெல்லிங் தனி வேலை, அதை இதோடு குழப்பாதீர்கள், எழுதிப் பார்த்தால்தான் வரும்.

இருபதையும் இப்படிச் செய்ய முடியாது. உங்களுக்கு வேலை இருக்கிறது, அவளுக்கு விளையாட்டு இருக்கிறது. இருபதில் அவள் கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் செய்யக்கூடிய ஐந்தாறை எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை டெஸ்டுக்காக எப்போதும்போல மனப்பாடம் செய்யட்டும், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நோட்டில் மிஸ் கொடுத்த தமிழையே எழுதட்டும். ‘தில்லு’ என்று எழுதினால் மார்க் போகும். வீட்டில் தில்லு, நோட்டில் வீரம் மிக்க, இரண்டும் ஒன்றுதான் என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகள் தெருவில் ஒரு தமிழ், ஸ்கூலில் ஒரு தமிழ் என்று தினமும் மாற்றி மாற்றிப் பேசுகிறவர்கள்தான், இதுவும் முடியும்.

உங்கள் ஏழில் மிச்சம் இருப்பது ஹார்வெஸ்ட். ராயபுரத்தில் வயலுக்கு எங்கே போவது? நெல் என்றால் அரிசிக்கடை மூட்டைதான் என்று நினைக்கிற பிள்ளைக்கு அறுவடையை நான் எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்துவிட்டேன். படம் காட்டினேன், மாடித் தொட்டியில் வெந்தயம் விதைத்துக் கீரை பறிக்கவைத்தேன், அது அரைகுறையாகத்தான் நின்றது. பொங்கலுக்கு முன்னால் கரும்பும் மஞ்சள் கொத்தும் லாரி லாரியாக வந்து தெருமுனையில் இறங்கும்போது, ‘இதெல்லாம் எங்கேருந்து வருது, யாரு வெட்னாங்க?’ என்று அவளே கேட்பாள். அப்போது சொல்லுங்கள். இந்த வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ‘ஹார்வெஸ்ட் என்றால் அறுவடை’ என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகட்டும்.